கடிகாரம்தான் போட்டது

போன மாதம் நாகல் நகரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வெளிநாடு போகிற பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து வருடம் இஸ்ரேலில், அதுவும் பக்தியுள்ள யூதர்களின் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு நடு நாற்காலி. என்னோடு ஜெயராணியும் வந்திருந்தாள். அவள் அதே நாட்டில் நகரத்தில் வேலை பார்த்தவள், என்னைவிடச் சின்னவள், எதற்கும் அசராதவள்.

ஒரு பெண் எழுந்து, சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாளாமே, அன்றைக்கு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்களாமே, அப்போது நாம் என்ன செய்வது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயராணி பதில் சொல்லிவிட்டாள்.

“அது ஒண்ணும் பெரிய விசயமில்லடி. நீ சுவிச்சப் போட்டுட்டு, கடிகாரம்தான் போட்டுச்சுன்னு சொல்லிரு. பெருசுக்கு என்ன தெரியப் போகுது?”

எல்லோரும் சிரித்தார்கள். கேட்ட பெண் விடவில்லை. “நீங்க என்னக்கா செஞ்சீங்க?” என்று என்னைப் பார்த்தாள். தொண்டை கட்டியிருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது பேச்சு சம்பளத்துக்குத் தாவியிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புனித பூமியில் பத்து வருடம், இரண்டு போட்டோ என்று எதிர்பார்க்கிறார். போட்டோ இருக்கிறது. எழுதப்போவதுதான் வேறு.

என் பெயர் ஆரோக்கியமேரி. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரும் இரண்டு மாடும். துணைச் செவிலியர் படிப்பு முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் ஓடியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முதுகு போனதும், இரண்டு மகள்களையும் அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். கிளம்பும் முன்னால் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நூறு வார்த்தை எபிரேயம் சொல்லிக் கொடுத்தார்கள், அதில் பாதி சாப்பாட்டுப் பெயர்.

நான் போய்ச் சேர்ந்த இடம் மலைச்சரிவில் ஒரு பண்ணை. அங்கே கிப்புட்ஸ் என்பார்கள். நிலம், மாடு, வீடு, சமையல் எல்லாம் பொது. உழைப்பு அவரவர் முடிந்த அளவு, சாப்பாடு எல்லோருக்கும் ஒன்று. அப்படிப்பட்ட பண்ணைகளில் பெரும்பாலானவற்றில் சாமி கிடையாது. இது சாமியை விடாத பண்ணை. விடிந்தால் ஜெபக்கூடம், அப்புறம்தான் தொழுவம். நான் போன காலத்தில் பொதுவுடைமையில் பாதி கரைந்துவிட்டது. ஆளாளுக்குச் சம்பளம், கார் என்று வந்துவிட்டது. ஆனால் அதை ஆரம்பித்தவர்களில் நாலைந்து பேர் உயிரோடிருந்தார்கள். அவர்களில் ஒருவரைத்தான் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் பெயர் எப்ராயிம். எண்பத்தொன்பது வயது, மனைவி இல்லை, இடுப்புக்குக் கீழே பலமில்லை, மூளை மட்டும் கத்தி மாதிரி. மேரி என்றால் எங்கள் மிரியம்தான் என்று சொல்லி முதல் நாளே பெயரை மாற்றிவிட்டார். நான் அவரை ஐயா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஐயா இருக்கக்கூடாது என்றுதான் இந்த ஊரையே கட்டினோம், பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்கு நாக்கு வரவில்லை. கடைசிவரை ஐயாதான்.

என்னை வேலை வாங்கியவர் ரூத் என்ற நர்ஸ். பண்ணையின் மருந்தகம் அவர் பொறுப்பு. ஐம்பது வயது, தலையில் எப்போதும் துணி கட்டியிருப்பார், சிரிப்பு கிடையாது, திட்டும் கிடையாது. வந்தவுடன் எப்ராயிமின் படுக்கை விரிப்பில் உள்ளங்கையை வைத்து ஒருதரம் தேய்ப்பார். சுருக்கம் தட்டுப்பட்டால் பேசாமல் கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் ஓடிப்போய் இழுத்துவிடுவேன். அப்புறம் குதிகால். இரண்டு குதிகாலையும் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்த தோல் எவ்வளவு சீக்கிரம் சிவப்புக்குத் திரும்புகிறது என்று பார்ப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், புரட்டிய நேரத்தைச் சுவரில் உள்ள தாளில் எழுத வேண்டும். ஒருநாள் எழுத மறந்துவிட்டு, புரட்டிவிட்டேன் சிஸ்டர் என்றேன். எழுதாதது நடக்காதது என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருட ஆஸ்பத்திரி அனுபவத்தில் நான் கற்காததை அந்த அம்மாளிடம் ஆறு மாதத்தில் கற்றேன்.

ஓய்வுநாள் ஒழுங்குகளையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை அவர்கள் நெருப்பையும் மின்சாரத்தையும் தொடமாட்டார்கள். அதனால் மாத்திரைகளை முன்னாலேயே பிரித்துவைக்க வேண்டும். சாப்பாடு சூட்டுத் தட்டின்மேல் ஏறியிருக்க வேண்டும். எப்ராயிமின் அறையில் உள்ள ஹீட்டர், அலமாரிக்குப் பின்னால் சுவரில் செருகியிருந்த ஒரு கடிகாரத்தின் வழியாக ஓடும். அதன் முகத்தைச் சுற்றிப் பல் பல்லாகச் சின்ன முளைகள். எந்த நேரத்துக்கு ஹீட்டர் எரிய வேண்டுமோ அந்த முளைகளை வெள்ளிக்கிழமையே அமுக்கிவைத்துவிட்டால், அது தானாகப் போட்டுத் தானாக அணைக்கும். பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் கடிகாரத்தைக் கேட்காமல் ஹீட்டர் எரியும்.

ரூத் அந்தப் பொத்தானையும் காட்டினார். நோயாளிக்காக நீ போடலாம், எங்கள் வேதச் சட்டம் அனுமதிக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். ஆனால் எப்ராயிம் அதை ஒத்துக்கொள்ளமாட்டார், அவரோடு நீ பேசித்தான் போட வேண்டும், அவரிடம் பொய் மட்டும் சொல்லாதே என்றார். தலையாட்டினேன்.

ஏன் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதை எப்ராயிமே சொன்னார். புரட்டிப் படுக்கவைத்து முதுகில் எண்ணெய் தேய்க்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். இப்படி மாதக்கணக்கில் அந்தப் பண்ணையின் கதை முழுவதும் என் காதில் விழுந்தது.

முப்பது சொச்சம் பேர், எல்லோரும் பதினெட்டு இருபது வயது. ஜெர்மனியிலிருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பெற்றோரிடம் ரயிலடியில் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள், அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு வருடம் கல் பொறுக்கியதுதான் விவசாயம். சட்டைகூடச் சொந்தம் கிடையாது. சலவைக்குப் போன சட்டை வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது யாருக்கு அளவாக இருக்கிறதோ அவருக்கு. மரம் வைத்தால் முதல் மூன்று வருடக் காயைத் தொடக்கூடாது என்பது வேதம். பசித்தாலும் தொடவில்லை. சாமி இல்லாத பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இவர்களைப் பைத்தியம் என்றார்கள். நகரத்துப் பக்திமான்களோ, சாணி அள்ளுகிறவனுக்கு எதற்கு வேதம் என்றார்கள். அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று நான் ஒருமுறை கேட்டேன். “விலை கொடுத்து வாங்கினோம். ஆனால் உழுதவனிடமிருந்து வாங்கவில்லை” என்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசத் தெரியாத மனுஷன்.

எப்ராயிம் மாட்டுக்காரர். பண்ணையின் பெரிய சண்டை பால் பற்றியது. ஓய்வுநாளில் பால் கறப்பது வேலை, கூடாது. கறக்காவிட்டால் மடி கட்டி மாடு கதறும். அந்தக் கதறல் எனக்குத் தெரியும், எங்கள் அப்பா வீட்டில் கேட்டிருக்கிறேன். நகரத்துப் பெரியவர்கள் சுலபமாக வழி சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து யூதரல்லாத ஒருவரைக் கூலிக்கு வைத்துக் கறந்துகொள்ளுங்கள், காலங்காலமாக அப்படித்தான் என்றார்கள். வரத் தயாராக ஆட்களும் இருந்தார்கள். பண்ணைக்காரர்கள் மூன்று நாள் கூட்டம் போட்டுப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நம்முடைய வேலையை நாமே செய்வது என்றுதானே வந்தோம், நாம் ஓய்வெடுக்க இன்னொருவன் நம் மாட்டுக்குக் கீழே உட்கார வேண்டுமா என்று எப்ராயிம்தான் பேசினாராம். மாட்டின் வலியைப் போக்கக் கறக்கலாம், ஆனால் அந்தப் பாலை உபயோகிக்கக்கூடாது என்று ஒரு வழி இருந்தது. அப்படியே செய்தார்கள். வாராவாரம் தரையில் கறந்தார்கள். குழந்தைகளுக்குப் பால் போதாத வருடங்கள் அவை.

“மண் வெள்ளையாகிவிடும். பூனைகள் வரும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது” என்றார்.

பிறகு அவரே பழைய அலாரக் கடிகாரம் ஒன்றைப் பிரித்து, கறவை இயந்திரத்தைத் தானாக ஓட்டும் ஒரு ஏற்பாட்டைச் செய்தார். அதற்குப் பிறகுதான் ஓய்வுநாள் பால் குவளைக்கு வந்தது. கடிகாரத்தை அவர் ஒரு சாதனமாகப் பார்க்கவில்லை. அது அவர் மானம்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் செய்தேன்.

முதல் தடவை இரக்கத்தில் செய்தது. அது நிஜம். முதல் குளிர்காலம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எதிர்பாராமல் ஆலங்கட்டி மழை. முளைகளை நான் மாலை மூன்று மணிக்குத்தான் வைத்திருந்தேன். அவர் உதடு நீலம் பாரித்தது. போர்வைமேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டுப் பொத்தானைத் தட்டினேன். ஹீட்டர் சிவந்ததும் அவர் கண் திறந்து, “கடிகாரமா?” என்று கேட்டார்.

“கடிகாரம்தான் ஐயா. நேத்தே நேரத்தக் கூட்டி வச்சேன்.”

நல்லது செய்தாய் என்றார். ரூத் சொன்னபடி அவரிடம் பேசியிருக்கலாம். வாதாடியிருக்கலாம். அவரிடம் வாதாட எபிரேயமும் போதாது, பொறுமையும் போதாது. பொய் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு இரக்கம் என்று பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு இடுப்பொடியும் வேலை. அவரைக் குளிப்பாட்ட வேண்டும், சமைக்க வேண்டும், மாத்திரை பிரிக்க வேண்டும், இருட்டுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்தச் சின்ன முளைகளை எண்ணி எண்ணி அமுக்குவது ஒரு தொல்லை. பொத்தான் இருக்கும்போது முளை எதற்கு என்று விட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குப் போட ஒரு தட்டு, ஒன்பதுக்கு அணைக்க ஒரு தட்டு, மாலை மூன்றுக்கு மறுபடி போட ஒரு தட்டு. கேட்டால் கடிகாரம். இப்படி மூன்று குளிர்காலம். வெட்கக்கேடு, சோம்பேறித்தனத்தில் சொன்ன பொய்.

மூன்றாவது வருடம் பண்ணையின் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்தார்கள். தெபோரா என்ற பள்ளி ஆசிரியை, ஆரம்பித்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்தார். எப்ராயிமின் முறை வந்தபோது சாப்பாட்டுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள், நிறையப் பேர் கேட்க வந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது நான். பால் கதையைச் சொல்லி முடித்ததும் தெபோரா, இப்போது உங்களைப் பார்த்துக்கொள்வது வெளிநாட்டுப் பெண்தானே, அந்தக் கொள்கை என்ன ஆயிற்று என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நியாயமான கேள்வி.

எப்ராயிம் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆறு நாளும் இவள் கை இல்லாமல் என்னால் முடியாது, அதில் எனக்கு வெட்கம் உண்டு என்றார். “ஆனால் ஓய்வுநாளில் என் குளிருக்காக வேறு ஒருவர் கை ஒரு சுவிட்சைத் தொட்டதில்லை. மிரியத்தைக் கேளுங்கள். அவள் ஜெபம் பண்ணுகிறவள், பொய் சொல்லமாட்டாள்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூத்தும் இரண்டாவது வரிசையில் இருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சிலர் கைதட்டினார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை புயல் அடித்து மின்சாரம் போனது. பன்னிரண்டு மணிக்குப் போய் ஒரு மணிக்கு வந்தது. வழக்கம்போல் மூன்று மணிக்கு நான் பொத்தானைத் தட்டினேன். எப்ராயிம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லை என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஐயா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறார் என்று நினைத்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தக் கடிகாரமும் நின்றுபோயிருக்கும், அப்படியானால் ஹீட்டர் நாலு மணிக்குத்தான் எரிய வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கடிகாரத்தை வைத்துப் பால் கறந்த மனுஷனுக்கு உறைக்காமல் இருக்குமா?

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம், ஓய்வு உனக்கும்தான் கட்டளையிடப்பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பி ஞாயிறு காலையில் வா என்றார். சாப்பாடு பண்ணையிலேயே இருக்கும் தன் பேரன் கொண்டுவருவான், கடிகாரத்தை அவனே வைத்துவிடுவான் என்றார். நம்மூர்ப் பெண்களும் மலையாளத்துப் பெண்களும் சேர்ந்து நகரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த நகரத்துச் சர்ச்சில் எங்களுக்குச் சனிக்கிழமைதான் பூசை. கருவாட்டுக் குழம்பு வைத்து, வீட்டுக்கு மணிக்கணக்கில் போன் பேசி, சந்தோஷமாக இருந்தேன். கிழவருக்கு எம்புட்டு நல்ல மனசு என்று அம்மாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பியபோது அறை காலி. சனிக்கிழமை விடியற்காலையில் அவர் தானாகப் புரண்டு படுக்க முயன்று கீழே விழுந்திருக்கிறார். பேரன் காலைச் சாப்பாடு கொண்டுவரும்வரை தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. குதிகாலில் கொப்புளம். சுவரில் உள்ள தாளில் அந்த ஐந்து ஓய்வுநாள் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. சில வாரங்களாக அந்தப் பக்கம் வர முடியாமல் போயிருந்த ரூத் அந்தக் கட்டங்களில் விரலை வைத்து, அவரைத் தனியாக விட்டுப் போகும்படி யார் சொன்னது என்று கேட்டார். அவர்தான் சொன்னார் சிஸ்டர் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில் எப்ராயிம் பேசினார். குரல் மெலிந்திருந்தது, கோபம் இல்லை.

“அன்றைக்கு நாலு மணிக்குத்தான் அது எரிந்திருக்க வேண்டும், மிரியம்.”

குளிரில் நடுங்கினீர்கள் ஐயா, மனசு கேட்கவில்லை என்றேன். அவர் அதை நம்பினார் என்று நினைக்கிறேன். அவர் நம்பியதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருக்கிறது. எத்தனை முறை என்று கேட்டார். முதல் வருடத்திலிருந்தே என்றேன்.

பிறகு சொன்னார்: “தப்பு உன்மேல் மட்டும் இல்லை. கேட்க வேண்டியவன் நான், பொத்தானைப் பார்க்க வேண்டியவன் நான். எனக்குக் கதகதப்பாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. ஆனால் தெபோராவின் புத்தகத்தில் அந்த வரி இருக்கக்கூடாது. எங்கள் கதையில் பொய் எழுதினால், தரையில் கொட்டிய பாலும் பொய்யாகிவிடும். நீ போய்ச் சொல். என்னால் இப்போது பேச முடியாது.”

சொல்கிறேன் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாதாமேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றேன். எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

தெபோரா துக்கத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோயாளி இறந்துவிட்டால், அடுத்த வீடு கிடைத்தால்தான் அந்த நாட்டில் எங்களுக்கு இடம். அடுத்த வீடு ரூத்தின் கடிதத்தைப் பொறுத்தது. மூத்தவள் அப்போதுதான் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பொய் சொல்லாதே என்று முதல் நாளே சொன்ன அம்மாளிடம் போய் எந்த வாயால் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம், கடிதம் கைக்கு வந்ததும் சொல்லலாம் என்று தள்ளினேன். கடிதம் வந்தது. அதில் ரூத் என்னை, நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் இன்னும் ஆறு வருடம் ஓட்டினேன். இரண்டு மகள்களும் படித்தார்கள், வீட்டுக்கு மேல்தளம் போட்டோம்.

புத்தகமும் வந்தது. ரூத் என்னைத் தேடி வந்து ஒரு பிரதி கொடுத்தார். எபிரேயம் படிக்க எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது என்று அவரே விரலை வைத்துக் காட்டினார். ஓய்வுநாளில் எப்ராயிமின் குளிருக்காக யாருடைய கையும் ஒரு சுவிட்சைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக, இந்தியாவிலிருந்து வந்த மிரியம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பண்ணைப் பிள்ளைகள் இதைப் பள்ளியில் வாசிக்கிறார்களாம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நன்றி சிஸ்டர் என்றேன்.

ரூத் இப்போதும் அவர்களுடைய புத்தாண்டுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். நானும் ரோஜாப்பூப் படம் ஒன்று பதிலுக்கு அனுப்புகிறேன். அவர் எண் என் போனில் இருக்கிறது. இரண்டே வரி ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினால் போதும், அடுத்த பதிப்பில் அந்த இடத்தைத் திருத்திவிடுவார்கள். நேற்றுகூட எடுத்து, தட்டி, அழித்துவிட்டேன்.

அதனால்தான் இதை நம் பங்கு மலருக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. அந்தப் பண்ணையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அது தெரிந்ததால்தான் இவ்வளவு தைரியமாக எழுத முடிந்தது.